இடது கைப் பட்டன்

அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும், காலி வீட்டுக்கு இரண்டு பக்கமும் காவல் போட்ட மாதிரி நிற்கும். அந்த மூன்றும் எப்படிப் போயின என்று நான் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் என் ஷேர் ஆட்டோவில் ஏறிய முதல் நாளே அவராகத்தான் சொன்னார். சூலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் மச்சான் கரும்பு ஜூஸ் கடை போட்டிருந்தானாம். நல்ல வெயில். இவர் கரும்பை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு பெண் வந்து நின்றாளாம்.

"அவ ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சிட்டு, இன்னிக்கு ஜூஸ் நல்லா கீதேன்னா. அப்பதான் நான் என் கையப் பாக்குறேன்."

வண்டியில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வேறு கூட்டம். அவர்களுக்குப் பழவேற்காட்டு நண்டு. ஏரியில் இறங்கிக் கை வைத்ததும் பிடித்துக்கொண்டதாம், மூன்றைக் கொடுத்துவிட்டு ஐந்தில் இரண்டை மீட்டுக்கொண்டு வந்தாராம். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கேட்டபோது, ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் மை வைத்து வைத்து அரித்துவிட்டது என்றார். "நீ ஓட்டுப் போடப்போனா சோத்தாங்கையக் காட்டும்மா" என்று அக்கறையாக வேறு சொன்னார். ஒடிசாப் பையன்களுக்கு நம் பேச்சு புரியாது. அவர்களுக்குச் சைகையிலேயே ஒரு முதலையை வண்டிக்குள் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் ஒரு கிறுக்கு. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைச் சிப்காட் ரவுண்டு முடிகிற வரைக்கும் வாய்க்குள் புளிப்பு மிட்டாய் மாதிரி உருட்டிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு சவாரி கிடைத்தால் விடுவேனா? அவருக்காக இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்த நாட்கள் உண்டு. மற்ற டிரைவர்கள் திட்டுவார்கள்.

பேரைச் சொல்ல மாட்டேன். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். வீட்டில் மகன் 'நைனா' என்று கூப்பிடுவான். அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் எல்லோருமே நைனா என்றே கூப்பிட்டோம். தகடு அடித்து வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கேட்டில் வேலை. லாரி வந்தால் குறுக்குக் கட்டையைத் தூக்குவார், போனால் இறக்குவார். பெரிய ஆபீசர்கள் யாராவது காரை விட்டு இறங்கினால் வேண்டுமென்றே இடது கையை நீட்டிக் கைகொடுப்பார். ஏன் நைனா இப்படி என்று கேட்டேன். "கை குடுத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்பா. பாதி பேரு எனக்குப் பாதி கையத்தான் குடுக்குறான். அப்பால என் கையப் பாத்து அவனுங்க எதுக்குப் பரிதாபப்படணும்?"

அவர் இப்படியே, ஆளுக்கொரு கதையாகச் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். நடுவில் என் தங்கச்சி மகள் வந்து சேர்ந்தாள்.

தங்கச்சியைத் திருநின்றவூரில் கொடுத்திருக்கிறது. அவள் மகள் அபிநயா சென்னையில் ஒரு காலேஜில் சினிமா சம்பந்தமான படிப்பு, கடைசி வருஷம். படிப்பு முடிய ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். ஃபேக்டரியில் நடக்கிற கதை எழுதியிருக்கிறேன், இடம் பிடித்துக் கொடு மாமா என்று வந்து நின்றாள். கூடவே ஜெரோம் என்று ஒரு பையன். எப்போது பார்த்தாலும் முதுகில் லேப்டாப் பை. இல்லாததைப் படத்தில் வரவழைப்பதும் இருப்பதைக் காணாமல் அடிப்பதும் அவன் வேலை.

அவர்களை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு போகும்போது பின் சீட்டில் நைனா இருந்தார். அபிநயா அவர் கையைப் பார்த்தாள். பார்த்ததை மறைக்கவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சுற்றி வளைத்துப் பேசவே வராது.

"அங்கிள், உங்க கை எங்க படத்துக்கு வேணும்."

"கை வேணுமா, ஆள் வேணுமா?"

"ரெண்டும்தான்."

கதை என்ன என்று கேட்டார். பிரஸ் மெஷினில் வேலை செய்கிற ஒருவருக்கு டபுள் ஷிப்ட் அசதியில் கண் செருகி விரல்கள் போய்விடுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்க்கை. பின்பாதிக்கு நைனாவின் கை அப்படியே போதும். முன்பாதிக்குத்தான் விரல் வேண்டும். அதை ஜெரோம் கம்ப்யூட்டரில் வைத்துவிடுவான்.

நைனா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"விரலு வருமா?"

"வரும் அங்கிள்."

"எத்தினி நேரம் இருக்கும்?"

"ஏழு நிமிஷம்."

"போதும்மா" என்றார்.

சிப்காட் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரின் சின்ன பிரஸ் ஷெட் ஆர்டர் இல்லாமல் மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்கிற ஒரே நிபந்தனையோடு. அச்சு இறங்குவதை ஜெரோம் பார்த்துக்கொள்வான். ஜன்னல்களுக்கு எல்லாம் லாரித் தார்ப்பாயைக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினோம்.

அபிநயாவுக்கு வெளிச்சத்தில் ஒரு பிடிவாதம். வெளியில் இருந்து பெரிய லைட் கொண்டுவந்து ஆள் மேல் அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் நிஜமாகவே எந்த விளக்கு எரியுமோ அதுதான் எரிய வேண்டும், அதுவும் படத்தில் தெரிய வேண்டும். மெஷின் கழுத்தில் வளைகிற குண்டு பல்பு, மூலையில் சோக் போய் விட்டு விட்டு எரிகிற டியூப்லைட், சுவிட்சு போர்டில் ஒரு சிவப்பு. அவ்வளவுதான். என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, மேல் அச்சு இறங்குகிற நேரத்தில் நைனா முகத்தில் நிழல் விழுகிற மாதிரி பல்புக்கு முன்னால் மெல்ல இறக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, அந்த அட்டையைப் பிடித்து ஆடிய ஆட்டத்தை நைனா பார்த்துவிட்டு, "உனுக்கு வண்டியே பரவால்லப்பா" என்றார். குண்டு பல்பு வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிட்டபோது, கல்யாணத்தில்கூட யாரும் தன்னை இப்படி உற்றுப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

விரல் வைக்கிற வேலையை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். நைனாவின் கைக்குப் பச்சைத் துணியில் ஓர் உறை, அதன் மேல் அங்கங்கே புள்ளிகள். அவர் நடித்து முடித்ததும் அதே பல்புக்கு அடியில், அதே கோணத்தில் ஜெரோம் தன் கையை வைத்துப் படம் பிடித்துக்கொள்வான். பிறகு தன் விரல்களை எடுத்து நைனா கையில் ஒட்டுவான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கிற நேரத்தில் முதல் துண்டை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். நைனா ஒரு டிபன் பாக்ஸைத் திறக்கிறார். ஐந்து விரல்.

எங்கள் எல்லோருக்கும் கைதட்டத் தோன்றியது. நைனா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. ஜெரோமின் விரல் கொஞ்சம் ஒல்லி, நிறத்தை மாற்றி ஒப்பேற்றியிருந்தான். நைனா தன் இடது கையை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, படத்தில் கை மூடியைத் திறக்கும்போது தானும் திறக்கிற மாதிரி அசைத்துப் பார்த்தார். அதோடு சேர்ந்து வரவில்லை. இன்னொரு தடவை போடு என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

"மச்சம் இருந்துச்சுப்பா இங்க" என்று மட்டும், இல்லாத ஓர் இடத்தைக் காட்டிச் சொன்னார். ஜெரோம் மச்சமும் வைத்தான்.

மூன்றாவது ஞாயிறு, விரல் போகிற காட்சி. இதற்கு மெஷினைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடி. அதை இறக்க இரண்டு பட்டன்கள் உண்டு, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கிறபோது அச்சுக்கு நடுவில் எந்தக் கையும் இருக்காது. அந்த மெஷினில் மனிதனுக்கு இருக்கிற காப்பு அது ஒன்றுதான்.

அபிநயா சொன்னது எளிது. நீங்கள் தகடு வைத்து வைத்து அடித்துக்கொண்டே இருங்கள், கண் சொக்கட்டும், நான் கட் சொல்லும்போது நிறுத்துங்கள். சரி என்று நைனா ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த மாதிரி ஸ்டூலில் உட்காருகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. பட்டன்களைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ குறைகிற மாதிரி காலடியில் தேடினார். தரையில் கிடந்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். பச்சை உறை போட்ட கையால் இடது பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியை அதன் மேல் குறுக்கே போட்டு, இரண்டு முறுக்கு முறுக்கினார். பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது.

யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதில்லையா, அப்படிச் செய்தார்.

கேமரா ஓடியது. இப்போது இடது கை சும்மாதான் இருக்கிறது. அதனால் அது தகடு வைக்கிறது, வலது கை பட்டனை அடிக்கிறது. வை, அடி, எடு. வை, அடி, எடு. வேகம் ஏறிக்கொண்டே போனது. கரண்ட் இல்லாத மெஷினில் அத்தனை வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். தோள் ஆடவில்லை, கழுத்து ஆடவில்லை, இரண்டு கையும் வேறு யாருடையதோ மாதிரி பறந்தன. நான் அட்டையை இறக்க மறந்துபோய் நின்றேன். திடீரென்று அவர் தலை மட்டும் பின்பக்கம் திரும்பியது.

"வர்றேன் சார்."

அங்கே எந்த சாரும் இல்லை. நாங்கள்தான் இருந்தோம். வலது கை பட்டனை அடித்தது. இடது கை உள்ளே இருந்தது.

அபிநயா கட் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள். நைனா அப்படியே இருந்தார். பிறகு பட்டனில் முறுக்கியிருந்த கம்பியைப் பார்த்தார். பார்த்ததும் அவசர அவசரமாக வலது கையால் அதைப் பிரிக்க ஆரம்பித்தார். "இது வோணாம்மா. இன்னொரு தபா எடுத்துக்கலாம்."

எடுத்தார்கள். கம்பி இல்லாமல் பல தடவை எடுத்தார்கள். அவருக்கு வரவில்லை. இரண்டு கையையும் பட்டனில் வைத்து அந்த வேலையைச் செய்ய அவர் கைக்குத் தெரியவில்லை. வாத்தியார் முன்னால் மாறுவேஷப் போட்டிக்கு நிற்கிற பையன் மாதிரி இருந்தது.

அன்றைக்குத் திரும்பும்போது வண்டியில் அவரும் நானும்தான். தச்சூர் பக்கம் தெரிந்தவர் வீட்டில் இறக்கிவிடச் சொல்லியிருந்தார். போகிற வழியில்தான் நிஜத்தைச் சொன்னார். கரும்பு மெஷின் கிடையாது, நண்டு கிடையாது. இப்போது கேட்டில் நிற்கிற இதே கம்பெனிதான். எட்டு மணி நேரத்தில் இத்தனை பீஸ் என்று கேட்பார்கள், இரண்டு பட்டனையும் அமுக்கி அடித்தால் அதில் பாதிகூட வராது. அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே சூப்பர்வைசர் வந்து எல்லா மெஷினிலும் இடது பட்டனைக் கட்டிவிட்டுப் போவார். அவர் வர நேரமானால் இவர்களே கட்டிக்கொள்வார்கள். விரல் போன அன்றைக்குச் சூப்பர்வைசர் பின்னால் இருந்து கூப்பிட்டார், இவர் திரும்பினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழியிலேயே, வண்டிச் செயினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லு, உன்னை வெளியே அனுப்ப மாட்டோம் என்று சொன்னார்களாம். சொன்னார். அனுப்பவில்லை. கேட்டில் நிறுத்தினார்கள். வீட்டிலும் மனைவி மகன் இருவருக்கும் செயின்தான்.

அப்புறம் எதற்கு நைனா இத்தனை கதை என்று கேட்டேன்.

"ஒரே பொய்யச் சொல்லிகினே இருந்தா ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் ஆராய்வாம்பா. ஆளுக்கு ஒண்ணு உட்டுகினே இரு. சிரிச்சிட்டுப் போய்ட்டே இருப்பான். சிரிச்சவன் எவனும் திரும்பி வந்து கேக்க மாட்டான்."

எவ்வளவோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் வாயில் உருட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த நாள் அவரே என்னை இழுத்துக்கொண்டு அபிநயாவைப் பார்க்கத் திருநின்றவூருக்கு வந்தார். ஜெரோமும் இருந்தான். தங்கச்சி கொடுத்த காபியைத் தொடாமலே கேட்டார்: இல்லாத விரலை வைத்தீர்களே, இருக்கிற கம்பியை எடுக்க முடியாதா?

ஜெரோம் அது ரொம்பச் சுலபம் என்றான். ஹீரோ பறக்கிற படத்தில் கயிற்றை எடுப்பதில்லையா, அதுதான் நாங்கள் முதலில் படிக்கிறது என்றான். அபிநயா முடியாது என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கம்பி இல்லன்னா படமே இல்ல அங்கிள்."

"கம்பி இருந்தா என் புள்ளைக்கு வேலை இல்லம்மா."

அவர் மகன் சந்துரு அதே கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நிரந்தரம் பண்ணுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தக் கம்பியைப் பார்த்தால் எந்த ஷெட்டில் யார் கட்டினது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றார். என் வேலை போனால் போகட்டும், அவன் உள்ளே இருக்கிறான் என்றார். பக்கத்தில் நின்ற தங்கச்சி, தன் மகளைப் பார்த்து, அவர் சொல்கிறபடி செய்துவிடேண்டி என்றாள். அபிநயா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தபடியே, எடுத்துவிடு ஜெரோம் என்று சொன்னாள்.

எடுத்தான். கம்பியும் போயிற்று, "வர்றேன் சார்" என்ற குரலும் போயிற்று. அந்த இடத்தில் வயலின் போட்டார்கள்.

முடிந்த படத்தை நான் பார்த்தேன். வேலை சுத்தம். குண்டு பல்பு வெளிச்சத்தில் இடது பட்டன் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் கம்பி இருந்தபோது அந்த மனிதன் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான். இப்போது குரல் இல்லை. மெஷினை வைத்துக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்கத் திரும்புகிற ஆளாக ஆகிவிட்டார் நைனா. நான் அதை அபிநயாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதா மாமா என்றாள்.

காலேஜில் பரிசு கிடைத்தது. வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு பரிசு, ஜெரோமின் விரலுக்குத் தனியாக ஒன்று. படத்தை நெட்டிலும் போட்டார்கள். கொஞ்ச நாளில் அது கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

சேஃப்டி ஆபீசர் கூப்பிடுகிறார் என்று நைனா உள்ளே போன அன்றைக்கு நான் கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றிருந்தேன். சவாரி ஏற வந்தவர்களை அனுப்பிவிட்டேன். மனிதர் திரும்பி வந்து வண்டி ஓரமாக நின்றார்.

"இன்னா நைனா, இன்னா சொன்னாங்க?"

"பாராட்டுனாங்கப்பா."

அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்தில் அதைப் போட்டார்கள். வேலைக்கு ஆள் ஏற்றி வருகிற எங்களைப் போன்ற டிரைவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள், பஃப்ஸும் ஃப்ரூட்டியும் கொடுத்து. ஷெட்டில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அணைத்துப் படம் ஓடியது. நைனா தலை திரும்புகிற இடத்தில் சேஃப்டி ஆபீசர் நிறுத்தினார். அப்படியே நிற்கிறது படம், முகத்தில் என் அட்டையின் நிழல் இல்லாமல். பாருங்கள், என்றார் ஆபீசர். ஒரு செகண்டு. கவனம் எங்கே போச்சு? மெஷின் தப்பு பண்ணுமா? மனுஷன்தான் தப்பு பண்ணுவான். நம்ம கேட்டில் நிற்கிறாரே, இவர் முன்னாடி வேறு எங்கேயோ வேலை செய்த இடத்தில் நடந்தது இது. வாங்க பெரியவரே, பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

நைனா எழுந்து முன்னால் போனார். இடது கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், தூக்கினார்.

"அசால்ட்டா இருந்துட்டேன். என் தப்புதான். நீங்க அப்டி இருக்காதீங்கபா."

கைதட்டினார்கள். அந்த ஷெட்டில் இருந்த பாதி பேர் அதே பிரஸ்ஸில் உட்காருகிறவர்கள். இடது பட்டனை யார் அமுக்கியது என்று அதில் ஒருவனாவது கேட்டிருக்கலாம். இரண்டு பட்டனும் அமுங்கினால்தானே அச்சு இறங்கும்? ஆபீசருக்குத் தெரியாதா அது? சந்துரு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஃப்ரூட்டி டப்பாவின் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு புது ஆள் சேருகிற போதெல்லாம் அந்தப் படமும் நைனாவின் இரண்டு வார்த்தையும் உண்டு. வண்டியில் ஏறினால் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு தடவை கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பாவமாக, எப்படி அண்ணா ஆச்சு என்று கேட்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன், ஏதாவது கிளப்புவாரா என்று. "மெஷின்ல வுட்டுட்டம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தார்.

சந்துருவை நிரந்தரம் பண்ணினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பிரஸ்ஸில் போட்டார்கள்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் சந்துரு என் பக்கத்தில், முன் சீட்டில் ஏறினான். பின்னால் கூட்டம். நைனா முன்பே போயிருந்தார். புது வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாக்கீது மாமா, பேஜாரு ஒண்ணும் இல்ல என்றான். பட்டன் இரண்டையும் அமுக்கித்தானே அடிக்கிறாய் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அப்டி அடிச்சா கணக்கு வருமா மாமா? லெப்ட்டு கட்டிதான் இருக்கும். எல்லார்துமே அப்டித்தான். நம்ம கவனமா இருந்தா ஒண்ணும் ஆவாது. எவன் கூப்டாலும் நான் திரும்ப மாட்டேன். அதான் படத்துல பாத்தனே."

வண்டியை ஓரம் கட்டினேன். அவனே பேசிக்கொண்டு போனான்.

"இத்த நேத்து ஊட்லயும் சொன்னேன். நைனா கேட்டுட்டுத் தட்ட நவுத்திட்டாரு. அப்பால புச்சா ஒண்ணு எடுத்து வுட்டாரு பாரு. நம்ம கம்பெனிலயேதான் போச்சாம், சூப்பர்வைசரு கம்பி கட்டனானாம், அவன் கூப்ட்டுதான் திரும்புனாராம். அளுகாத கொறையா சொல்றாரு. நடிப்பு சொல்லிக் குடுத்து அபிநயா கெடுத்துட்டா மாமா எங்கப்பன."

"அது நெசம்டா" என்றேன். "நான் பார்த்தேன். அந்தக் கம்பி படத்துல இருந்துச்சு. ஜெரோம்தான் எடுத்தான்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"உனுக்கு மொதல்ல இன்னா சொன்னாரு மாமா? கரும்பு மிசினா, நண்டா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முதலை, எனக்கு எலெக்ஷன் மை என்று ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. வீட்டில் செயின் என்று சொல்லி வைத்திருந்ததே அசால்ட்டாக விட்டதை மறைக்கத்தான் என்றும், படம் வந்து மாட்டிக்கொண்டதும் இப்போது கம்பி என்கிறார் என்றும் சந்துரு அவர்களுக்கு விளக்கிச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னான்.

அன்றைக்கே ஜெரோமுக்குப் போன் பண்ணினேன். சென்னையில் ஒரு கம்பெனியில் கயிறு எடுக்கிற வேலையில் இருந்தான். கம்பி இருக்கிற பழைய காட்சி இருக்கிறதா என்று கேட்டேன். கேமரா கார்டு வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் கொடுக்கும்போதே துடைத்துவிட்டோம், லேப்டாப்பிலும் இடம் பத்தாமல் அழித்துவிட்டேன், என்ன விஷயம் அங்கிள் என்றான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

இப்போது நான் அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதில்லை. திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு மாறி நாளாகிவிட்டது. நைனாவை நினைக்கும்போது அந்தக் காலைதான் வருகிறது. சிரித்து முடித்த கூட்டத்தோடு கம்பெனி வாசலில் போய் நிறுத்தினேன். சங்கு ஊதிவிட்டிருந்தது. சந்துரு குதித்து இறங்கி ஓடினான். நைனா அவனுக்காகச் சின்ன கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகன் தாண்டிப் போகும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவன் ஷெட்டுக்குள் நுழைந்து மறைகிற வரைக்கும்.